முடி நடவும் முடி காணிக்கையும்: நகரிப் பக்கத்து ஒரு நிகழ்வு

திருத்தணியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில், மாநில எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் நகரி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் என்றாலும் சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். விசைத்தறிதான் பிழைப்பு. இந்தப் பகுதியில் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு, முடி நடவு செய்துகொண்ட ஓர் இளைஞரை அறுவைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அறுவை செய்தது நான் அல்ல. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். முடி நடவைப் பற்றி விளம்பரங்கள் காட்டுவது முதல் நாளையும் கடைசி நாளையும்தான். நடுவில் இருக்கும் ஓராண்டைப் பற்றியும், அதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

பின்னணி

வயது 26. அப்பாவுக்குச் சொந்தமாகச் சில தறிகள். மகன் கணக்கு வழக்கும் துணி அனுப்புவதும் பார்க்கிறார். 20 வயதிலேயே நெற்றி ஏறத் தொடங்கியது. கரிசலாங்கண்ணி எண்ணெய், வெங்காயச் சாறு, பயோட்டின் மாத்திரை என்று எல்லாம் பார்த்துவிட்டார். அப்பாவுக்குக் காதோரமும் பின்தலையும் தவிர முடி இல்லை. தாய்மாமாவுக்கும் அப்படித்தான்.

ஒரு வைகாசி மாதம் என்னிடம் வந்தார். கையில் ஒரு பெருநகர மையம் கொடுத்த சீட்டு. "சார், ரத்தப் பரிசோதனை மட்டும் எழுதிக் குடுங்க. மிச்சத்த அவங்க பாத்துக்குவாங்க" என்றார். ஆடியில் அறுவை, ஆவணியில் பெண் பார்ப்பது, தை மாதம் கல்யாணம் என்பது வீட்டின் திட்டம். முன்பணமும் கட்டியாகிவிட்டது. ஒரே நாளில் 4000 கிராஃப்ட் (வேர்க்காலோடு எடுத்து நடும் ஒன்று முதல் மூன்று முடி கொண்ட சிறு கொத்து), அன்றே பதிவு செய்தால் தள்ளுபடி என்று சொல்லியிருந்தார்கள். எந்த மருத்துவர் செய்யப்போகிறார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அங்கே அவரிடம் பேசியவர் ஆலோசகர் ஒருவர் மட்டுமே.

செல்பேசியில் ஒரு படம் காட்டினார். நெற்றியில் நீல மையால் கோடு வரைந்திருந்தார்கள். புருவ மத்தியிலிருந்து சுமார் 6 செ.மீ. உயரத்தில், பள்ளிக்கூடப் பையனுக்கு இருப்பதுபோல் தாழ்ந்த நேர்க்கோடு. அதைப் பார்த்த பிறகு ரத்தப் பரிசோதனையை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பரிசோதனையில் கண்டது

நெற்றியின் இரு ஓரங்களும் ஆழமாக ஏறியிருந்தன. சுழி இருக்கும் இடத்தில் தோல் தெரிந்தது. வழுக்கை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று குறிக்கும் ஹாமில்டன்-நார்வுட் அளவுகோலில் மூன்றாம் நிலை, சுழியும் சேர்ந்த வகை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது நடுத்தலையில் தடித்த முடியும் நூல்போல் மெலிந்த முடியும் கலந்து கிடந்தன. ஆண்களின் பரம்பரை வழுக்கைக்கு இதுதான் அடையாளம். டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு அந்த வேர்க்கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன.

பின்தலை முடிக்கு அந்தப் பலவீனம் இல்லை. அதை எடுத்து முன்னால் நட்டாலும் அது பின்தலைக் குணத்தோடேயே வளரும். நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு முடி நடவு முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் எடுத்த இடத்தில் வேறு முடி முளைக்காது. ஒருவருடைய பின்தலையிலிருந்து வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பலருக்கு 4000 முதல் 6000 கிராஃப்ட் வரைதான். இவருக்கு வயது 26, அப்பாவின் தலை கண்ணெதிரே இருக்கிறது. 4000-ஐ இப்போதே செலவழித்துவிட்டால், 40 வயதில் நட்ட முடி நெற்றியில் தீவுபோல நிற்கும், அதன் பின்னால் வெறும் தோல் இருக்கும், நிரப்ப எதுவும் மிஞ்சியிருக்காது.

இதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசினேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பாதான் சட்டென்று பிடித்துக்கொண்டார். "பாவு இருக்கிற அளவுக்குத்தானே சார் துணி" என்றார். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்தான் பாவு. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. பொடுகு இருந்தது, அதற்குத் தனியாக மருந்து கொடுத்தேன்.

முதல் முடிவு: இப்போது வேண்டாம்

உதிர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது நட்டால், நட்டது நிற்கும், பக்கத்தில் இருப்பது போகும். ஆகவே முதலில் உதிர்வை நிறுத்துவது, அப்புறம் நடவு என்று முடிவெடுத்தோம். ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை தினம் ஒன்று, தலையில் தடவ 5 சதவீத மினாக்சிடில். ஃபினாஸ்டரைடு சிலருக்கு பாலுணர்வில் குறைவையோ மனச்சோர்வையோ உண்டாக்கலாம் என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே சொன்னேன். அப்படி ஏதும் தெரிந்தால் மறைக்காமல் வரச்சொன்னேன். ரத்த தானம் செய்வதானால் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழிய வேண்டும் என்பதையும் சொன்னேன். மினாக்சிடில் தொடங்கிய சில வாரங்களுக்கு உதிர்வு கூடும் என்பதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள்.

முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு அதைவிடக் கல்யாணம் தள்ளிப்போவதுதான் வருத்தம். நான் அவரிடம் சொன்னது இதுதான்: ஆடியில் செய்து ஆவணியில் பெண் பார்க்கப் போனால், அறுவைக்கு முன் இருந்ததைவிட மோசமாகத்தான் தலை இருக்கும். இரண்டாம் மாதம்தான் முடி நடவின் மிகக் கெட்ட காலம்.

ஒன்பது மாத மருந்துக்குப் பிறகு எடுத்த படங்களில் உதிர்வு நின்றிருந்தது. சுழியில் ஓரளவு அடர்த்தியும் கூடியிருந்தது. பக்க விளைவு எதுவும் இல்லை.

இரண்டாம் முடிவு: எந்த முறை, எவ்வளவு

சென்னையில் தகுதியுள்ள ஓர் அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். முதல் சந்திப்பிலேயே அவரே நேரில் பார்த்தார். முன்னந்தலையில் நிரப்ப வேண்டிய பரப்பு சுமார் 60 சதுர செ.மீ. சதுர செ.மீட்டருக்கு 35 கிராஃப்ட் என்று கணக்கிட்டு, 2100-க்குச் சற்று மேல் போதும் என்றார். நெற்றிக்கோட்டை 8 செ.மீ. உயரத்தில், ஓரங்களில் லேசாக ஏறவிட்டு வரைந்தார். சுழியைத் தொடவில்லை.

முறை என்னவென்று முடிவு செய்யும்போதுதான் அம்மா வாயைத் திறந்தார். "டாக்டரய்யா, கல்யாணம் முடிஞ்சா ஏழுமலையானுக்கு இவன் முடி குடுக்கணும். சின்ன வயசுல டெங்கு வந்து படுத்தப்போ வேண்டிக்கிட்டது." இத்தனை மாதமாக யாரும் இதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் திருத்தணிக்கோ திருமலைக்கோ மொட்டை போடாத ஆண் அபூர்வம். வேண்டுதல் இல்லாவிட்டாலும், வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மழிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ஆகவே இது ஓரமாக வைக்கிற விஷயம் அல்ல.

பின்தலையில் ஒரு பட்டையாகத் தோலை வெட்டித் தைக்கும் எஃப்.யு.டி. முறையில் காதுக்குக் காது ஒரு கோட்டுத் தழும்பு இருக்கும். முடி வளர்த்திருந்தால் மறையும், மொட்டை போட்டால் தெரியும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் துளையிட்டு, கிராஃப்ட்டை ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்.யு.இ. முறையிலும் தழும்பு உண்டு. தழும்பே இருக்காது என்று விளம்பரத்தில் சொல்வது உண்மை அல்ல. மாநிறத் தலையில் அவை சிறு வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். ஆனால் சிதறலாக இருப்பதால் கோடுபோல உறுத்தாது. மொட்டையை மனதில் வைத்தே எஃப்.யு.இ. தேர்ந்தெடுக்கப்பட்டது. அறுவைக்கு ஓராண்டு கழித்துப் பிளேடு படலாம், வேர் தோலுக்குள் ஆழத்தில் இருப்பதால் மழிப்பது முடித்தண்டை மட்டுமே வெட்டும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். அம்மா அந்தக் கடிதத்தைப் பூஜை அலமாரியில் வைத்தார்.

பெண் வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து, கேட்டபோது அதைச் சொன்னேன். முடிவை அந்த இளைஞரே எடுத்தார். பெண்ணிடம் நேரில் பேசி, பழைய படத்தையும் காட்டினார். அந்தச் சம்பந்தம்தான் பிறகு அமைந்தது.

அறுவை நாள்

மாசி மாதம், வெயில் ஏறுவதற்கு முன் நாள் குறிக்கப்பட்டது. புகையிலைப் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், இவருக்கு இல்லை. ஈ.சி.ஜி., ரத்தம் உறையும் நேரம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகள் முடிந்திருந்தன.

முழு மயக்கம் கிடையாது. தலையைச் சுற்றி மரத்துப்போகும் ஊசிகள். மொத்த நாளிலும் வலித்தது அந்த முதல் பத்து நிமிடம்தான் என்கிறார். லிக்னோகேய்ன் என்ற இந்த மருந்துக்கு உச்ச வரம்பு உண்டு. அட்ரினலினோடு சேர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு 7 மி.கி. இவருடைய எடை 68 கிலோ, அதாவது சுமார் 475 மி.கி. இரண்டு சதவீத மருந்தில் அது 24 மில்லிகூட வராது. நாள் முழுக்க நடக்கும் அறுவையில், மரப்பு விட்டுப்போகப் போக ஊசியை ஏற்றிக்கொண்டே போனால் இந்த வரம்பு சத்தமில்லாமல் தாண்டிவிடும். வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் வரலாம். 2016-ல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான பயிற்சி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும், அவசர சிகிச்சைக்கு வசதி இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சின்ன அறுவை என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மையத்தில் துடிப்பும் ஆக்சிஜனும் காட்டும் மானிட்டர் கடைசிவரை இணைக்கப்பட்டிருந்தது, மயக்க மருத்துவர் ஒருவர் இருந்தார்.

காலையில் குப்புறப் படுக்கவைத்து எடுத்தார்கள், மதியம் இட்லி சாப்பிடவிட்டு, பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து நட்டார்கள். எடுத்த கிராஃப்ட்டுகளைக் குளிர்ந்த திரவத்தில் வைத்து, ஒற்றை முடி, இரட்டை முடி, மூன்று முடி என்று பிரித்தார்கள். முன்வரிசைக்கு ஒற்றை முடி மட்டும். மொத்தம் 2150. கிராஃப்ட்டுக்கு 50 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. நோய்க்கான சிகிச்சைக்கு இருக்கும் வரிவிலக்கு முடி நடவுக்குக் கிடையாது. ஆக ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியது.

முதல் பத்து நாள்

வீட்டுக் குறிப்புச் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னேன்: தலையை உயர்த்தி வைத்துத் தூங்குவது, மணிக்கொருமுறை உப்புநீர் தெளிப்பது, குனிந்து எதையும் தூக்காமல் இருப்பது, ஹெல்மெட் போடும் பைக் பயணம் வேண்டாம் என்பது. அதில் நான் சேர்த்த ஒரு வரி, தறிக்கூடத்துக்குள் போக வேண்டாம் என்பது. பறக்கும் பஞ்சு ஈரத்தலையில் ஒட்டினால் எடுப்பது கஷ்டம், கை போகும், நட்டது பெயரும்.

மூன்றாம் நாள் காலை அம்மா பதறிப்போய் அழைத்தார். நெற்றி வீங்கி, கண்ணிமை இரண்டும் மூடிக்கொண்டன. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, வலியும் இல்லை. அறுவையின்போது தலைத்தோலுக்குள் ஊசியால் செலுத்திய நீர் கீழே இறங்குவதுதான் இது. நெற்றியில் மட்டும் ஐஸ் ஒற்றடம், மருத்துவர் கொடுத்திருந்த மாத்திரை. ஆறாம் நாள் முகம் பழையபடி ஆனது.

எதிர்பாராத சிக்கல் தலைக்குளியலில் வந்தது. மூன்றாம் நாளிலிருந்து நுரையை வைத்து, மக்கில் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவச் சொல்லியிருந்தார்கள். பயத்தில் அவர் தண்ணீரைத் தெளித்ததோடு சரி. 12-ஆம் நாள் என்னிடம் வந்தபோது முன்னந்தலை முழுக்கப் பழுப்புநிறப் பொருக்கு, தொட்டால் சொரசொரவென்றது. உப்புநீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு ஊறவைத்து, ஷாம்பூவைக் கரைத்து ஊற்றி, விரல் நுனியின் சதையால் மட்டும் மெல்ல உருட்டினேன். பொருக்கு செதில் செதிலாகக் கழன்றது, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு முடி. அவர் ஒன்றை உள்ளங்கையில் எடுத்துக் காட்டி, "சார், வேரோட வந்துருச்சு" என்றார். குரல் நடுங்கியது. லென்ஸில் காட்டினேன். முனையில் இருந்த வெள்ளைக் குமிழ் முடியின் உறை, வேர் அல்ல. வேர்க்கால் வந்திருந்தால் அந்த இடத்தில் ரத்தம் கசியும். ஒரு துளிகூட இல்லை. பத்து நாள் கடந்தால் கிராஃப்ட் தோலோடு சேர்ந்துவிடும், பொருக்கை எடுப்பதால் அது வராது.

இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் மாதம் வரை

மூன்றாம் வாரம் தொடங்கி நட்ட முடி உதிர்ந்தது. ஆறாம் வாரத்தில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. போதாதென்று, ஏற்கெனவே இருந்த முடியிலும் கொஞ்சம் கொட்டியது. அறுவையின் அதிர்ச்சியில் வேர்க்கால்கள் ஓய்வுக்குப் போவதால் வருவது இது, பெரும்பாலும் திரும்பி வரும். எல்லாம் முன்பே சொன்னதுதான். ஆனாலும் கண்ணாடி முன் நிற்கும்போது அறிவு கைகொடுப்பதில்லை. ஊரில் "பணம் போச்சு" என்று பேசினார்கள். அவர் தூக்கம் கெட்டு, வாரம் ஒருமுறை வந்து உட்கார ஆரம்பித்தார். அந்த வாரங்களில் நான் செய்த பெரிய மருத்துவம் அவரோடு பேசிக்கொண்டிருந்ததுதான். மாதாமாதம் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் ஒரு படம், நடுவில் கண்ணாடி பார்க்க வேண்டாம் என்று ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

வைகாசியில் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பதால், பாதி வழுக்கையோடு போட்டோவுக்கு நின்றார்.

மூன்றாம் மாதம் முன்தலையில் சிறு கொப்புளங்கள். புது முடி தோலைத் துளைத்து வரும்போது சிலருக்கு வரும். சூட்டு ஒற்றடமும் பூசும் மருந்தும் போதுமாக இருந்தது. உச்சந்தலையின் மரப்பு மட்டும் ஐந்தாம் மாதம் வரை இருந்தது.

வளர்ச்சியும் ஒரு சறுக்கலும்

நான்காம் மாதக் கடைசியில் பூனைமுடிபோல வந்தது. ஆறாம் மாதத்தில் பாதி, பத்தாம் மாதத்தில் சீவி வகிடு எடுக்கும் அளவு. தையில் கல்யாணம். அவரை முன்பு பார்க்காதவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கல்யாணத்துக்குச் சற்று முன்பு யாரோ சொன்னதைக் கேட்டு ஃபினாஸ்டரைடை அவராக நிறுத்திவிட்டார். குழந்தை பிறக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்துச் சுழியின் பழைய முடி மெலிந்து வந்தது படத்தில் தெரிந்தது. நட்ட இடம் அப்படியே இருந்தது. கணவன், மனைவி இருவரையும் வைத்துப் பேசினேன். பெரும்பாலானோருக்கு இந்த மாத்திரை குழந்தைப்பேற்றைத் தடுப்பதில்லை. விந்தணு ஏற்கெனவே குறைவாக உள்ள சிலருக்கு அதை மேலும் குறைக்கலாம், அப்போது நிறுத்திப் பார்ப்பது வழக்கம். விந்துப் பரிசோதனை இயல்பாக இருந்தது. மாத்திரை மீண்டும் தொடங்கியது. கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது என்பதை மனைவியிடம் நேரடியாகச் சொன்னேன்.

மொட்டை

அறுவைக்கு ஓராண்டுக்கு மேல் ஆனபின் குடும்பத்தோடு திருமலை போனார்கள். அவர் மொட்டை போட்டார், மனைவி பூமுடி (நுனியில் கொஞ்சம் மட்டும் வெட்டிக் காணிக்கை) கொடுத்தார். அடுத்த வாரம் பார்த்தேன். முன்னந்தலையில் காயமோ மேடு பள்ளமோ இல்லை. பின்தலையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன, பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முடி திருத்துபவர் "இது என்ன தழும்பு" என்று கேட்டாராம், இவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். இரண்டு மாதத்தில் புள்ளிகள் மறையும் அளவுக்கு முடி வந்தது, முன்னந்தலையும் சீராக வளர்ந்தது.

சுழியில் இன்னும் தோல் தெரிகிறது. அதை நிரப்ப வேண்டும் என்று இப்போது கேட்கிறார். 30 வயது தாண்டட்டும், உதிர்வு எங்கே நிற்கிறது என்று பார்ப்போம் என்பதுதான் அறுவை மருத்துவருக்கும் எனக்கும் ஒத்த கருத்து. பின்தலையில் அதற்கான இருப்பு பத்திரமாக இருக்கிறது.

மாற்ற வேண்டியவை

மொட்டை பற்றிய கேள்வி முதல் சந்திப்பிலேயே வர வேண்டும். முறையைத் தீர்மானிக்கிற விஷயம் அது, தற்செயலாக வெளிவரக் கூடாது. எங்கள் பக்கத்திலிருந்து யாரை அனுப்பினாலும், அனுப்பும் கடிதத்தில் வேண்டுதல் உண்டா, எப்போது என்று இப்போது ஒரு வரி எழுதுகிறேன்.

முதல் தலைக்குளியலை வீட்டில் தனியாக விடுவதைவிட, ஐந்தாம் நாள் கிளினிக்குக்கு வரச்சொல்லி, உடன் இருப்பவர் கண்முன் செய்து காட்டுவது நல்லது. பயம் அங்கேயே போய்விடும், பொருக்கும் கட்டாது.

இரண்டாம், மூன்றாம் மாதத்துக்கான மனத் தயாரிப்பு இன்னும் வலுவாக வேண்டும். இந்த இளைஞரின் ஆறாம் வாரப் படத்தையும் பன்னிரண்டாம் மாதப் படத்தையும், முகம் தெரியாமல், அவர் அனுமதியோடு வைத்திருக்கிறேன். முடி நடவு பற்றிக் கேட்டு வருகிறவர்களுக்கு ஆறாம் வாரப் படத்தைத்தான் முதலில் காட்டுகிறேன். சிலர் அதைப் பார்த்ததும் கல்யாணத் தேதியைச் சொல்லி, அப்படியானால் எப்போது செய்வது என்று கேட்கிறார்கள். ஒருவர், வேண்டாம் சார், மாத்திரையே போதும் என்று எழுந்து போனார்.